ஒப்பந்தக்காரர் மாறினால் மகப்பேறு உரிமையும் போய்விடுமா?

2025 ஆகஸ்ட் 1 முதல் 13ஆம் தேதி நள்ளிரவு வரை, ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சென்னை மாநகராட்சியின் 5ஆவது மண்டலமான ராயபுரத்திலும் 6ஆவது மண்டலமான திரு.வி.க. நகரிலும் குப்பை அள்ளியவர்கள் அவர்கள். பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். இரண்டு மண்டலங்களின் குப்பைப் பணியையும் ராம்கி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றிடம் மாநகராட்சி ஒப்படைத்ததை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் காவல்துறை அவர்களை இரவோடிரவாக அள்ளிக்கொண்டு போனது.

1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றைக் கட்டியவர்களில் திரு.வி.க.வும் ஒருவர். அவர் பெயர் தாங்கிய மண்டலம்தான் இப்படிக் கைமாறியது. வடக்கே எண்ணூரை உள்ளடக்கிய திருவொற்றியூர் மண்டலமும் மணலி மண்டலமும் அதற்கு முன்பே தனியாரிடம் போய்விட்டன.

அந்தப் பதின்மூன்று நாளில் கூலிக் குறைப்பைப் பற்றிப் பேசினோம். பணி நிரந்தரத்தைப் பற்றி, தேர்தல் வாக்குறுதியைப் பற்றி, காவல்துறையின் அடியைப் பற்றிப் பேசினோம். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இவ்வளவு பெண்கள் வேலை செய்கிற ஓர் இடம் ஒரே நாளில் கைமாறும்போது, அன்றைக்கு வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்கும், கைப்பிள்ளையோடு விடுப்பில் இருப்பவருக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி பொதுவெளிக்கு வரவேயில்லை. தனியார்மயம் எதைப் பறிக்கிறது என்பது அந்த இடத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

முதலில், காகிதத்தில் இவர்கள் யார் என்று பார்ப்போம். பத்து, பதினைந்து வருடமாக ஒரே தெருவைப் பெருக்குகிறவர்கள் இவர்களில் உண்டு. மேற்பார்வை செய்தது மாநகராட்சி. கூலி வந்தது மாநகராட்சிப் பணத்திலிருந்து. ஆனால் இவர்கள் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ், சுய உதவிக் குழுக்கள் வழியாக எடுக்கப்பட்டவர்கள். நகரத்து ஏழைகள் சொந்தத் தொழில் தொடங்கி முன்னேற வேண்டும் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட திட்டம் அது. அதன் பெயரில் ஆள் எடுத்து, குப்பை வண்டியைக் கையில் கொடுத்தார்கள். வேலை செய்யும்போது மாநகராட்சியின் ஆள், உரிமை கேட்கும்போது ஏதோ ஒரு குழுவின் உறுப்பினர்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தருகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அடிப்படை விதி மாறவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். எங்கே செய்திருக்க வேண்டும்? யாரிடம் மகப்பேறு பயன் கேட்கிறாரோ, அந்த முதலாளியின் நிறுவனத்தில்.

நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இந்த 80 நாள் ஒரு பொருட்டே இல்லை. ஒப்பந்தக்காரர் மாறுகிற இடத்தில் இருப்பவருக்கோ எல்லாமே அந்த எண்ணில்தான் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் எட்டு வருடமாக ராயபுரத்தில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் வாரம் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் 1 அன்று புதிய நிறுவனத்தில் புது ஆளாகப் பெயர் எழுதச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து பிரசவ நாள்வரை ஒரு ஞாயிறுகூட விடாமல் வண்டி தள்ளினாலும் 70 நாளைத் தாண்டாது. பழைய எட்டு வருடத்தை மாநகராட்சி தன் கணக்கில் வைத்துக்கொண்டு கதவை மூடிவிட்டது. புதியவரோ தன்னிடம் 80 நாள் இல்லை என்று சட்டத்தைக் காட்டலாம். இரண்டு பேரும் விதிப்படி நடந்ததாகவே சொல்வார்கள். நடுவில் அவர் பிள்ளை பெற வேண்டும்.

இன்னொரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஜூன் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. டிசம்பர்வரை விடுப்பு. விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்குவதும், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதும் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அவரை யாரும் நீக்கவில்லையே! நீக்கல் கடிதமும் கிடையாது, காரணமும் கிடையாது. அவர் வீட்டில் இருந்த நாளில் அந்தத் தெருவின் வருகைப் பதிவேடு வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். கைமாற்றும் நாளில் வேலைக்கு வந்தவர்களின் பெயர்தான் பட்டியலில் ஏறும் என்றால், வராதவர் இல்லாதவர் ஆகிவிடுகிறார். டிசம்பரில் வந்து நின்றால் மேஸ்திரியே புது ஆளாக இருப்பார். முதலில் தான் இங்கே வேலை பார்த்தவர் என்பதை அந்தப் பெண் நிரூபிக்க வேண்டும்.

பணத்தையும் பார்த்துவிடுவோம். நாளொன்றுக்குச் சுமார் 760 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தனியார் நிறுவனத்தில் 565 ரூபாய் என்பதுதான் போராட்டத்தின்போது பேசப்பட்ட கணக்கு. மகப்பேறு கால ஊதியம், விடுப்புக்குப் போவதற்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரி நாள் கூலியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 26 வாரம் என்பது 182 நாள். பழைய கூலிப்படி 1,38,000 ரூபாய்க்கு மேல் வர வேண்டியது, புதிய கூலிப்படி 1,03,000 ரூபாயைக்கூடத் தொடாது. வித்தியாசம் சுமார் 35,000 ரூபாய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தமிழ்நாடு அரசு ஏழைத் தாய்மாருக்குத் தருவது 18,000 ரூபாய். அரசு ஒரு கையால் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு, கைமாற்றத்தின் மறு கையால் போய்விடுகிறது.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இ.எஸ்.ஐ.யில் பணம் தருவது முதலாளி இல்லை, காப்பீட்டுக் கழகம். தொழிலாளியின் பெயரில் 70 நாள் சந்தா ஏறியிருந்தால் போதும். முதலாளி மாறினாலும் காப்பீட்டு எண் அதேதான். சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் ஒப்பந்தக்காரர் மாறுவது அந்தப் பணத்தைத் தடுக்காது. உழைத்த நாள்களை முதலாளியோடு கட்டாமல் தொழிலாளியோடு கட்ட முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் எடுத்துக்காட்டு இது. ஆனால் இ.எஸ்.ஐ. பணம் தரும். திரும்பி வந்து நிற்க ஒரு வேலையைத் தராது.

இந்த உரிமைகள் எதுவும் தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் கூலிப் பெண் ஒருவர் இருக்கிறார். 1967இல் கோவை மாவட்டத்து எஸ்டேட் தொழிலாளி ஒருவருக்குப் பிள்ளை பிறந்தது. அப்போது மகப்பேறு விடுப்பு 12 வாரம், அதாவது 84 நாள். நிர்வாகம் 72 நாளுக்கு மட்டும் பணம் கொடுத்தது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கூலியில்லா நாள் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பிள்ளை பெற்றவளின் உடம்பு ஞாயிற்றுக்கிழமையும் தேற வேண்டும் என்கிற எளிய உண்மையை 1977இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஞாயிறும் கணக்கில் சேர்ந்தது.

டெல்லி மாநகராட்சியில் சாலை வேலை செய்த பெண்கள் பல வருடம் மஸ்டர் ரோல் தினக்கூலிகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். நிரந்தரப் பெண் ஊழியர்களுக்குக் கிடைத்த மகப்பேறு விடுப்பு இவர்களுக்கு இல்லை என்றது மாநகராட்சி. 2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. இந்தச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை, தினக்கூலிக்கும் உண்டு என்றது. 2023இல் ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில், மகப்பேறு காலத்தின் நடுவே ஒப்பந்தம் முடிந்துபோனாலும் பயன் முடிந்துவிடாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது.

ஆகவே மாநகராட்சிக்குச் சட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தினக்கூலிக்கும் உரிமை உண்டு, ஒப்பந்தம் முடிந்தாலும் உண்டு என்று தீர்ப்புகள் இருக்கின்றன. அந்த உரிமையைக் கேட்க எதிரே ஒரு முதலாளி நிலையாக நிற்க வேண்டும். தனியார்மயம் சட்டத்தை மீறத் தேவையில்லை. முதலாளியை நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும்.

சரி, பெயர் பட்டியலில் இருந்து, வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். ஆறு மாதக் குழந்தையின் தாய் காலை ஆறு மணிக்குப் பணியிடத்தில் இருக்க வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர விட வேண்டும், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது விதி. பேட்டரி வண்டியோடு தெருத் தெருவாகப் போகிறவருக்குக் காப்பகம் எங்கே இருக்கிறது? உட்கார்ந்து பால் கொடுக்கக்கூட வேண்டாம், சிறுநீர் கழிக்க இடம் தேடி அலைகிற வேலை இது. அங்கன்வாடி ஆறு மணிக்குத் திறப்பதில்லை, கைக்குழந்தையை எடுத்துக்கொள்வதும் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி இருந்தால் வேலை, இல்லையென்றால் வேலை போச்சு. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களைப் பிரித்து அனுப்பிய ஊரில் அந்தப் பாட்டியும் பக்கத்தில் இருப்பதில்லை.

இதே மாநிலத்தில் அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு உண்டு. நல்ல விஷயம், வரவேற்கிறேன். முனைவர் பட்ட ஆய்வாளராகிய என்னைப் போன்ற பெண்களுக்கு யூ.ஜி.சி. விதிப்படி 240 நாள்வரை விடுப்பு கிடைக்கும். அத்தனை நாள் நான் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்காவிட்டாலும் என் பதிவு அழியாது. திரும்பிப் போகும்போது நான் நான்தான் என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக் குப்பையை அள்ளுகிற பெண்ணுக்கு அந்த உறுதி கிடையாது. அவர் உடம்பு என் உடம்பைவிட வேகமாகத் தேறிவிடும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. சாதிதான் அப்படிச் சொல்கிறது. கடுமையான வேலை செய்கிற சாதியின் பெண்ணுக்குப் பிரசவம் ஒரு பெரிய விஷயமில்லை, பிள்ளை பெற்ற மறுநாளே நாற்று நட்டவர்கள் இல்லையா என்ற பழம்பெருமைப் பேச்சு நம் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. அவர்களுக்கு ஓய்வு கொடுக்காத ஆண்டைகளின் கதையை, அவர்களுடைய வலிமையின் கதையாக மாற்றிச் சொல்லிவிட்டோம்.

போராட்டத்தைக் கலைத்த மறுநாள், ஆகஸ்ட் 14 அன்று, தமிழ்நாடு அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்கு ஆறு திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, காப்பீடு, தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, சுயதொழில் உதவி, பிள்ளைகளின் கல்விக்கு உதவி, வீடு. ஒவ்வொன்றும் தேவைதான். ஆனால் அந்த ஆறில் மகப்பேறு இல்லை, காப்பகம் இல்லை. அவையெல்லாம் நலத்திட்டங்கள், இவை உரிமைகள். உரிமை என்றால் முதலாளி யார் என்று சொல்லியாக வேண்டும். மாநகராட்சி சொல்ல விரும்பாததும் அதைத்தான்.

நம் இயக்கங்களுக்குள்ளேயே எழுந்த ஒரு கேள்விக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டும். பணி நிரந்தரம் கேட்பது, குப்பை அள்ளுகிறவர்கள் காலத்துக்கும் அதையே செய்யட்டும் என்பதாகிவிடாதா என்று எழுச்சித் தமிழர் திருமாவளவன் கேட்டார். சாதித் தொழிலிலிருந்து விடுதலை என்பது அம்பேத்கரியத்தின் உயிர்நாடி. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் மகப்பேறு என்ற இடத்திலிருந்து பார்த்தால் பதில் வேறாக இருக்கிறது. ஒப்பந்தக் கூலி யாரையும் குப்பையிலிருந்து விடுவிக்கவில்லை. அதே பெண்ணை அதே தெருவில், குறைந்த கூலிக்கு, விடுப்பில்லாமல் நிறுத்துகிறது. பிள்ளை பெறப் போய் வேலையை இழக்கிறவர் கடன் வாங்குகிறார். கடன் அடைக்க மூத்த மகளின் படிப்பு நிற்கிறது. அந்த மகள் பிறகு எந்த வேலைக்கு வருவாள் என்று நமக்குத் தெரியும். அந்தச் சங்கிலி அறுபட்ட வீடுகளைப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ நிரந்தரப் பணியாளராக இருந்து, மாதச் சம்பளத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த வீடுகளே அதிகம். நிரந்தரம் வேலைக்குத்தான், சாதிக்கு இல்லை.

அம்பேத்கர் இதை எப்படிப் பார்த்தார்? 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதா வந்தபோது, தொழிலுக்குச் செலவு கூடும் என்று எதிர்ப்பு இருந்தது. அவர் மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அந்தச் செலவில் அரசுக்குப் பெரும் பொறுப்பு உண்டு, பெண்ணின் உழைப்பால் ஆதாயம் அடைகிற முதலாளிக்கும் உண்டு என்பது அவர் வாதம். 1929இல் பம்பாயில் சட்டம் வந்தது. பெண்கள் தரம் தாழ்ந்த வேலை செய்கிறார்கள், எனவே முதலில் அந்த வேலையிலிருந்து வெளியே வரட்டும், பிறகு விடுப்பு தரலாம் என்று அவர் சொல்லவில்லை. வேலை செய்கிற இடத்தில், வேலை செய்கிற காலத்திலேயே உரிமை வேண்டும் என்றார். அவர் சொன்ன அரசும் முதலாளியும் ராயபுரத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்கிறார்கள்.

என்ன கேட்க வேண்டும்? பணி நிரந்தரம் என்ற முதன்மைக் கோரிக்கையை விட்டுவிடாமலே, இன்றைக்கே கேட்கக்கூடியவை சில உண்டு.

ஒன்று, மண்டலத்தைக் கைமாற்றும் ஒப்பந்தத்தில், பழைய பணிநாள்கள் அனைத்தும் புதிய முதலாளியிடம் செய்த பணிநாள்களாகவே எண்ணப்படும் என்ற நிபந்தனை இருக்க வேண்டும்.

இரண்டு, கைமாற்றும் பட்டியலில் மகப்பேறு விடுப்பில் இருப்பவர்களின் பெயரும் கருவுற்றிருப்பவர்களின் பெயரும் முதலில் ஏற வேண்டும். விடுப்பு முடிந்ததும் அதே கோட்டத்தில், பழைய கூலியில் வேலை.

மூன்று, ஒப்பந்தக்காரர் தராத மகப்பேறு ஊதியத்தை முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் மாநகராட்சி தர வேண்டும். அதை ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்வது மாநகராட்சியின் வேலை, பிள்ளை பெற்றவரின் வேலை இல்லை.

நான்கு, ஒவ்வொரு கோட்டத்திலும் காலை ஐந்தரை மணிக்குத் திறக்கிற குழந்தைகள் காப்பகம் வேண்டும். குப்பை வண்டிக்கு நிறுத்துமிடம் கண்டுபிடிக்கத் தெரிந்த மாநகராட்சிக்கு இதற்கும் ஓர் அறை கிடைக்கும்.

இதைப் படிக்கிற தோழர்கள் பலர் சட்டம் படித்தவர்கள், சமூகப்பணி படித்தவர்கள், ஊடகத்தில் இருப்பவர்கள். உங்களால் ஆகிற காரியங்கள் உண்டு. மகப்பேறு காலத்தில் நீக்கப்பட்டவர் அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது வேலை செய்யும் இடத்தில் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. கருவுற்றதும் ஒன்றிரண்டு தாள்களைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பிக்மி எண், வருகைப் பதிவின் கைப்பேசிப் படம், கூலி ஏறிய வங்கிப் புத்தகம். முதலாளி மாறினாலும் மாறாத சாட்சிகள் அவை. உங்கள் மண்டலத்தின் குப்பை ஒப்பந்தத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை டன், எத்தனை வண்டி, எத்தனை அபராதம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதில் மகப்பேறு என்ற சொல் ஒரு முறையாவது வருகிறதா என்று தேடுங்கள். வரவில்லை என்றால், அடுத்த மண்டலத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.